வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டிய வேலைகள்: நாடு எதுவானாலும் பொதுவானவை எவை?

தொடக்கப் பதிவு: தாழ்வாரம்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் கேட்பது வாக்குப்பதிவு எந்தத் தேதியில் என்பதைத்தான். ஆனால் வாக்களிக்க முடியாமல் திரும்பியவர்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். பெயர் பட்டியலில் இல்லை, பழைய முகவரியிலேயே பெயர் இருக்கிறது, அடையாள அட்டை செல்லாது என்றார்கள், அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை வாக்குப்பதிவு நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே நடந்து முடிந்தவையாக இருக்கும். ஆகவே என் கருத்து இதுதான்: வாக்காளரைப் பொறுத்தவரை உண்மையான கெடு, பட்டியல் மூடப்படும் நாள்தான். அந்த நாளைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதைத் தெரிந்துவைத்திருந்தாலும் பயன் குறைவு.

நான் அறிந்த இந்திய நடைமுறையை முதலில் எழுதுகிறேன். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்தவுடன் பெயர் ஏறிவிடுவதில்லை. ஆட்சேபம் தெரிவிக்க மற்றவர்களுக்கு அவகாசம் கொடுத்து, விசாரித்து, அதன் பிறகே அலுவலர் முடிவெடுப்பார் என்பதால், மனுத்தாக்கலின் கடைசி நாளன்று விண்ணப்பிப்பவருக்கு அந்தத் தேர்தல் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். வீடு மாறியவர்களுக்கும் பிழை திருத்த விரும்புபவர்களுக்கும் படிவம் 8. பதினெட்டு வயது நிறைவுக்கு முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கவும் வழி உண்டு.

பல தேர்தல்களில் வாக்களித்தவர்கள் தங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது என்று நினைக்கக்கூடும். 2025 அக்டோபரில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளுக்கு அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களும் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சென்ற முறை பெயர் இருந்தது என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

வெளிநாடுகளில் வாழும் உறுப்பினர்கள் தத்தம் நாட்டு நடைமுறையை எழுதினால் எது எங்கும் பொதுவானது, எது அந்தந்த நாட்டுக்கே உரியது என்பது தெளிவாகும்.

தேம்ஸ்கரை எழுதியது:

பிரிட்டனில் பட்டியலுக்கான கெடு மிகத் தெளிவானது: வாக்கெடுப்பு நாளுக்கு 12 வேலை நாள்களுக்கு முன் நள்ளிரவுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே ‘வேலை நாள்’ என்ற கணக்குதான் பலரை ஏமாற்றுகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவற்றைக் கழித்தால் இது இரண்டு வாரங்களைத் தாண்டிவிடும். அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்க 11 வேலை நாள்கள் முன்பு, உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கும் பதிலாள் ஏற்பாட்டுக்கு 6 வேலை நாள்கள் முன்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒளிப்படத்துடன் கூடிய அடையாள ஆவணம் கட்டாயமாக்கப்பட்டு, 2023 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில் முதன்முறையாகப் பரவலாக நடைமுறைக்கு வந்தது. காலாவதியான கடவுச்சீட்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள், படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று அடையாளம் தெரிந்தால் போதும். எந்த ஆவணமும் இல்லாதவர்கள் கட்டணமின்றி வாக்காளர் அதிகாரச் சான்றிதழ் பெறலாம். அதற்கும் கெடு 6 வேலை நாள்கள்.

இந்த இழையைப் படிக்கும் பலருக்குப் பயன்படக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், அதாவது இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் குடிமக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவ விசாவில் வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்களுக்கு இந்த உரிமை இருப்பதை அறியாமலேயே படிப்பை முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் ஆயத்தம் என்பேன். தாழ்வாரம் சொன்ன கெடு அதற்கு அடுத்தபடிதான்.

கேள்விக்குறி எழுதியது:

எனக்கு இந்த இழையின் அடிப்படையிலேயே ஒரு மறுப்பு உண்டு. பட்டியலைச் சரியாக வைத்திருப்பது அரசின் கடமை. ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் தானாக உருவாகிறது, தேர்தலுக்கு 21 நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கடிதம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் வாக்காளர் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. இப்படிச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகும், ‘நீ முன்கூட்டியே ஆயத்தமாகவில்லை’ என்று குடிமக்கள் மீது பழியைப் போடுவது சரியா?

ரப்பர்தோட்டம் எழுதியது:

கேள்விக்குறி அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் தானியங்கிப் பதிவு வந்த நாட்டில் வாழ்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். மலேசியாவில் 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது, பதிவும் தானாக நடக்கத் தொடங்கியது. 2022 நவம்பர் பொதுத் தேர்தல்தான் அந்த முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தல். அப்போது தெரியவந்தது என்னவென்றால், புதிய வாக்காளர்களை அவர்களுடைய அடையாள அட்டையில் உள்ள முகவரியைக் கொண்டு தொகுதியில் சேர்க்கிறார்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அட்டையில் முகவரியை மாற்றாமல் விட்டவர்களின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆனால் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும். தன் தொகுதி எது, வாக்களிப்பு மையம் எது என்று தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பேருந்தில் இடம் கிடைக்காத நாளில் அதைப் பார்ப்பதால் என்ன பயன்?

பட்டியலைச் சரியாக வைத்திருப்பது அரசின் கடமை என்பதை நானும் ஏற்கிறேன். அந்தக் கடமை சரியாக நிறைவேறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அந்தப் பெயருக்கு உரியவரைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை.

முதல்வாக்கு எழுதியது:

எனக்கு இது முதல் தேர்தல். பட்டியலில் பெயர் இருக்கிறது, வாக்காளர் அட்டையும் வந்துவிட்டது. ஆனால் அட்டையில் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து தவறாக அச்சாகியிருக்கிறது. இதற்காக என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? பூத் சிலிப் இருந்தால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

தாழ்வாரம் எழுதியது:

உங்கள் அடையாளம் உறுதியாகிறது என்றால், இத்தகைய சிறு எழுத்துப் பிழைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே தேர்தல் ஆணையம் அறிவுறுத்தி வருகிறது. ஆகவே கவலை வேண்டாம், ஆனால் தேர்தல் முடிந்த பிறகாவது படிவம் 8 கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

உறவினர் சொன்னது பழைய செய்தி. 2019 மக்களவைத் தேர்தல் முதல் பூத் சிலிப்பை மட்டும் அடையாள ஆவணமாக ஏற்பதில்லை. அதில் பாகம் எண், வரிசை எண், சாவடியின் இடம் ஆகியவை இருப்பதால் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்கு வாக்காளர் அட்டையோ, ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை போன்ற மாற்று ஆவணங்களில் ஒன்றோ வேண்டும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: இவை எல்லாம் கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்கு இல்லை. அட்டை இருப்பதையே உரிமை என்று எண்ணி, பட்டியலைப் பார்க்காமல் இருப்பவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள்.

பனிமழை எழுதியது:

கனடாவிலும் இதே குழப்பம் உண்டு. வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் அட்டையை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. உங்கள் பெயர் உள்ள வேறோர் ஆவணத்தோடு சேர்த்துத்தான் அதை ஏற்பார்கள். ஆவணமே இல்லாதவருக்கு, அதே வாக்குச்சாவடியைச் சேர்ந்த, அவரை நன்கு அறிந்த வாக்காளர் ஒருவர் எழுத்து மூலம் உறுதியளிக்கலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே அப்படிச் செய்ய முடியும் என்பதால், வீட்டில் மூவருக்கு ஆவணம் இல்லையென்றால் உறுதியளிக்க மூவரைத் தேட வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் சாவடியின் வாசல் வரை அழைத்துச் சென்றுவிட்டார்கள். உள்ளே போன பிறகு என்ன செய்வது என்பதற்கும் ஆயத்தம் தேவை என்பதை இலங்கையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

எங்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி (X அடையாளம்) இட வேண்டும். அதன் பிறகு, அதே கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் அவர்களுடைய விருப்பு எண்களின் மீது அடையாளம் இடலாம். கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பு எண்களை மட்டும் குறித்தால் வாக்கு நிராகரிக்கப்படும். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். ஆகவே தமக்குப் பிடித்தவரின் எண்ணை முன்பே மனத்தில் பதித்துக்கொண்டு போக வேண்டும். சனாதிபதித் தேர்தலில் முறை வேறு: அங்கே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்களால் குறிக்கலாம், ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதானால் புள்ளடியும் இடலாம். ஒரே ஆண்டில், 2024 செப்டம்பரில் ஒரு முறையும் நவம்பரில் இன்னொரு முறையுமாக இரண்டு தேர்தல்களும் அடுத்தடுத்து வந்தபோது எத்தனை பேர் குழம்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த நவம்பர் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஆறு இலட்சத்தைத் தாண்டின. அவற்றில் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டவையும் இருக்கலாம். ஆயினும் பெயரைப் பதிந்து, அடையாள அட்டையை எடுத்து, வரிசையில் நின்று, கடைசியில் கோடு ஒன்றை இடம் மாறிக் கீறியதால் வீணான வாக்குகளும் அவற்றுள் இருக்கவே செய்யும்.

செப்டம்பர் தேர்தலில் களத்தில் 38 வேட்பாளர்கள் இருந்தார்கள். அவ்வளவு நீளமான சீட்டில் தேடுவதற்கு முன்பே, மாதிரி வாக்குச்சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. அந்தத் தேர்தலில்தான், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டிய நிலையும் வந்தது. ‘இரண்டாம் விருப்பு எதற்கு, அது எண்ணப்படவே போவதில்லை’ என்று பல தேர்தல்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல பதிலாக அமைந்தது.

யூகலிப்டஸ் எழுதியது:

பனங்கூடல் சொன்னதை ஆஸ்திரேலியாவிலிருந்து வழிமொழிகிறேன். இங்கே கீழவைச் சீட்டில் எல்லாக் கட்டங்களிலும் எண் இட வேண்டும். ஒரு கட்டத்தை விட்டாலோ ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினாலோ சிக்கல்தான். மேலவைச் சீட்டில் 2016 முதல், கோட்டுக்கு மேலே (கட்சிகளுக்கு) என்றால் குறைந்தது 6 கட்டங்கள், கோட்டுக்குக் கீழே (தனித்தனி வேட்பாளர்களுக்கு) என்றால் குறைந்தது 12 கட்டங்கள். இரண்டு சீட்டுகளுக்கும் இரண்டு விதி என்பதால், வாசலில் கட்சியினர் தரும் ‘இப்படி வாக்களியுங்கள்’ தாளைப் பார்த்து அப்படியே எழுதுபவர்கள் உண்டு. அந்தத் தாள் கட்சியின் விருப்ப வரிசை. ஐந்தாவது, ஆறாவது இடத்தில் யாரை வைக்கிறோம் என்பதை வீட்டிலேயே யோசித்துக் கையில் குறித்துக்கொண்டு வருபவர்தான் தன் விருப்பத்தை எழுதுகிறார்.

வாக்களிப்பது இங்கே கட்டாயம் என்றாலும், பட்டியல் திறந்தே கிடக்கும் என்று பொருளல்ல. தேர்தல் ஆணை வெளியான ஏழாம் நாள் இரவு 8 மணிக்குப் பட்டியல் மூடப்படுகிறது. 16 வயதிலேயே பெயரைப் பதிந்து வைக்கலாம், 18 ஆனதும் வாக்குரிமை தானாக வந்துவிடும்.

கேள்விக்குறி எழுதியது:

படிவம், கெடு, கட்டம் எல்லாம் சரி. யாருக்கு வாக்களிப்பது என்பதற்கு ஆயத்தமே தேவையில்லை என்பது என் எண்ணம். கட்சியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாக்களிக்கிறார்கள், கட்சியின் போக்கு ஆண்டுக்கணக்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேட்பாளரைப் பற்றி ஆராய்ச்சி செய்து என்ன ஆகப் போகிறது?

தாழ்வாரம் எழுதியது:

கட்சியைப் பார்த்து வாக்களிப்பதில் தவறில்லை. அதுவும் ஒரு நியாயமான அளவுகோல்தான். ஆனால் ஒரே கட்சியின் ஆதரவாளருக்கும்கூட, அந்தக் கட்சி தன் தொகுதியில் நிறுத்தியிருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிவது, வாக்களிப்பதா, வேறு ஒருவருக்கு அளிப்பதா, நோட்டாவை அழுத்துவதா என்ற முடிவை மாற்றக்கூடும். இந்தியாவில் 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால், ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதான குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இந்தப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. சில நாள்கள் கழித்து யாரோ சுருக்கித் தரும் செய்திக்காகக் காத்திருக்காமல், மூல ஆவணத்தையே திறந்து, நிலுவையில் உள்ள வழக்கு எந்தப் பிரிவில் என்று படிப்பது நல்லது. ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் போடப்பட்ட வழக்கும், மோசடி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான், இயல்பில் ஒன்றல்ல. ‘இத்தனை வழக்குகள் உள்ளவர்’ என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லும் செய்திகளில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

பத்திரத்தில் கூறப்படும் தகவல் வேட்பாளரே தருவது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அதை முடிவாகக் கொள்ளாமல், ஏற்கெனவே பதவியில் இருந்தவரானால் சென்ற தேர்தலில் அவர் தாக்கல் செய்த பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் பொதுவெளியில் இருப்பதால் இது யாருக்கும் இயலும். அவையில் என்ன கேள்விகள் கேட்டார், விவாதங்களில் பங்கெடுத்தாரா என்பதற்கும் அவைப் பதிவுகள் இருக்கின்றன. தேர்தல் அறிக்கைகளைப் பொறுத்தவரை, முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் தங்கள் வாழ்வைத் தொடும் இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லாக் கட்சிகளின் அறிக்கைகளிலும் அந்தப் பகுதியை மட்டும் படிக்கலாம். ஒரே கட்சியின் அறிக்கையை முழுதாகப் படிப்பதைவிட இது கூடுதல் பயன் தருகிறது.

இன்னொரு நடைமுறைச் செய்தி. வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு பெற்ற பிற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலுமாக, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசையில் இடம்பெறுவார்கள். ஒரே பெயரில் பலர் நிற்கும் தொகுதிகளில் இந்த வரிசையும் சின்னமும் தெரிந்திருப்பது உதவும். அந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2015 முதல் வேட்பாளரின் ஒளிப்படமும் சேர்க்கப்படுகிறது. ஓர் இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான்கள்; போட்டியிடுவோர் 15 பேரைத் தாண்டினால் இரண்டாவது இயந்திரமும் அருகில் இருக்கும். பொத்தானை அழுத்திய பின் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னே 7 நொடிகள் தெரியும். அவசரப்பட்டு நகர்ந்துவிடாமல் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பனிமழை எழுதியது:

முன்கூட்டியே வாக்களிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? கனடாவில் தேர்தல் நாளுக்கு முந்தைய 10, 9, 8, 7ஆம் நாள்களில் முன்வாக்குப்பதிவு நடக்கிறது. இயன்றவர்கள் அனைவரும் அந்த நாள்களிலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. உடல்நலக் குறைவு, பனிப்புயல், வேலை என்று கடைசி நாளில் எதுவும் குறுக்கிடலாம். அஞ்சல் மூலம் வாக்களிக்கும் சிறப்புச் சீட்டுக்குத் தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 6 மணிக்குள் விண்ணப்பம் சேர்ந்துவிட வேண்டும்.

ரப்பர்தோட்டம் எழுதியது:

அஞ்சல் வாக்கில் விண்ணப்பிக்கும் கெடுவை விட, சீட்டு திரும்பிச் சேரும் கெடுவே முக்கியம். மலேசியாவில் 2018 மே 9 பொதுத் தேர்தலின்போது, வெளிநாடுகளில் இருந்த பலருக்கு வாக்குச்சீட்டுகள் மிகத் தாமதமாகவே கிடைத்தன. அஞ்சலில் அனுப்பினால் நேரத்துக்குச் சேராது என்பதால், ஊர் திரும்பும் பயணிகளைச் சமூக ஊடகங்களில் தேடிக் கண்டுபிடித்து, விமான நிலையத்தில் அவர்கள் கையில் உறைகளைக் கொடுத்தனுப்பினார்கள். கேட்க நெகிழ்ச்சியாக இருந்தாலும், முன்பின் அறியாதவர் கையில் வாக்கை ஒப்படைக்கும் நிலைக்கு யாரும் வரக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் தேர்தல் நாளுக்குள் நிரப்பப்பட்ட அஞ்சல் வாக்கு 13 நாள்கள் வரை தாமதமாக வந்தாலும் எண்ணப்படும் என்று அறிகிறேன். அமெரிக்காவில் சில மாநிலங்கள் அஞ்சல் முத்திரையின் தேதியைப் பார்க்கின்றன, பல மாநிலங்கள் தேர்தல் நாளுக்குள் கையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. உறையின் மேல் உள்ள கையொப்பத்தைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிடும் மாநிலங்களும் உண்டு என்பதால், பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கையொப்பம் இப்போது மாறியிருந்தால் முன்பே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

முன்கூட்டியே வாக்களிப்பதில் ஓர் இழப்பும் இருக்கிறது. 2020 மார்ச் 3 அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு ஓரிரு நாள்கள் முன்னதாக, பீட் புட்டிஜெஜ், ஏமி க்ளோபுசார் ஆகிய இருவரும் போட்டியிலிருந்து விலகினார்கள். அதற்கு முன்பே அவர்களுக்கு வாக்களித்துவிட்டவர்களின் வாக்கு பயனற்றுப் போயிற்று. கடைசி வாரத்தில் வெளியாகும் செய்தி ஒருவரது முடிவையே மாற்றக்கூடும் அல்லவா?

தேம்ஸ்கரை எழுதியது:

இதற்குச் சில நாடுகள் தீர்வு கண்டிருக்கின்றன. எஸ்தோனியாவில் 2005 முதல் இணையம் வழியாக வாக்களிக்கலாம்; மனம் மாறினால் மீண்டும் வாக்களிக்கலாம், கடைசியாக அளித்ததே எண்ணப்படும். சுவீடனில் முன்கூட்டி வாக்களித்தவர், தேர்தல் நாளன்று தம் சாவடிக்குச் சென்று அதை மாற்றிக்கொள்ள முடியும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முடிவை எடுத்துவிட்டவர், அல்லது அந்த நாளில் ஊரில் இருக்க மாட்டார் என்று தெரிந்தவர், முன்பே வாக்களிக்கட்டும். இன்னும் ஊசலாடுபவர் காத்திருக்கலாம், ஆனால் அதற்கான விலை பனிமழை சொன்ன பனிப்புயல்தான்.

எதிர்பாராத அவசரங்களுக்கும் சில இடங்களில் வழி உண்டு. பிரிட்டனில் கெடு முடிந்த பிறகு திடீரென மருத்துவமனையில் சேர நேர்ந்தால், வாக்கெடுப்பு நாள் மாலை 5 மணி வரை அவசரப் பதிலாள் ஏற்பாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல்வாக்கு எழுதியது:

வீட்டில் பாட்டி இருக்கிறார், நடக்க இயலாது. அவருக்காக என்ன செய்ய வேண்டும்?

தாழ்வாரம் எழுதியது:

85 வயதைக் கடந்தவரானால், அல்லது 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ளவரானால், வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்கலாம். இதற்குப் படிவம் 12டி-யை அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கெடு மிகக் குறுகியது, எனவே அறிவிக்கை வருவதற்கு முன்பே வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பேசி வைத்துவிடுங்கள். முன்பு இந்த வயது வரம்பு 80 ஆக இருந்தது, 2024இல் உயர்த்தப்பட்டது; பழைய செய்திகளைப் படித்துவிட்டு 82 வயதுக்காரருக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவடிக்கே வர விரும்பினால் சக்கர நாற்காலி, சாய்தளம் இருக்கிறதா என்று முந்தைய நாள் கேட்டுக்கொள்ளலாம். பார்வையின்மையாலோ உடல் தளர்வாலோ தாமே பொத்தானை அழுத்த இயலாதவர், 18 வயது நிறைந்த ஒருவரைத் துணையாக அழைத்துச் செல்லலாம். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நீங்கள் ஒருவரே துணை என்று திட்டமிட வேண்டாம்.

பனிமழை எழுதியது:

வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் உரிமையை மேலாளரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கனடாவில் வாக்குப்பதிவு நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் வாக்காளருக்குக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, நாள்கூலி பெறுபவர்களையும் சேர்த்து, சட்டத்திலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தாழ்வாரம் எழுதியது:

ஆம், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135B பிரிவு. வேலை முடிந்து தாமதமாக வருபவர்களும் மனம் தளர வேண்டாம், முடிவு நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டால் வாக்களித்துவிட்டுத்தான் போகலாம்.

முதல்வாக்கு எழுதியது:

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் சரிபார்த்தும் அந்த நாளில் பெயர் இல்லை என்று சொன்னால்? ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

தாழ்வாரம் எழுதியது:

ஒவ்வொரு தேர்தலிலும் உயிர்பெற்று வரும் பொய்ச் செய்தி அது. விதிகளில் உள்ள ஆட்சேபம் என்பது, வாக்களிக்க வந்தவர் உண்மையில் அவர்தானா என்று வாக்குச்சாவடி முகவர் எழுப்புவது. பட்டியலில் இல்லாதவருக்கு அதனால் வாக்கு கிடைக்காது. இன்னொன்று 49P விதிப்படியான ‘டெண்டர் ஓட்டு’. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டிருந்தால், உங்கள் அடையாளத்தை நிறுவிய பின் இயந்திரத்தில் அல்லாமல் சீட்டில் வாக்களிக்கத் தருவார்கள், அது தனி உறையில் வைக்கப்படும். இதற்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

பெயர் விடுபட்டவருக்கு அன்றைய தினமே வழி செய்யும் நாடுகள் உண்டு. கனடாவில் சாவடியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிகச் சீட்டில் வாக்களித்துவிட்டு வரலாம், தகுதி உறுதியானால் அது எண்ணப்படும். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. அன்று நீங்கள் செய்யக்கூடியது, பெயர் வேறு பாகத்துக்கோ வேறு சாவடிக்கோ மாறியிருக்கிறதா என்று அட்டை எண்ணைக் கொண்டு தேடுவதும், 1950 என்ற உதவி எண்ணை அழைப்பதும்தான். சாவடிகளைப் பிரித்து மறுசீரமைக்கும்போது ஒரே தெருவின் ஒரு பகுதி அடுத்த பள்ளிக்குப் போய்விடுவது உண்டு. எனவே மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு முன் ஒரு முறையும், பூத் சிலிப் விநியோகிக்கும் வாரத்தில் இன்னொரு முறையும், வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள். ஒரே வீட்டில் மூவர் பெயர் இருந்து நான்காமவர் பெயர் மட்டும் விடுபட்டிருப்பதும் நடக்கிறது.